சாவன் வரட்டும், பிட்டியா

வங்கி வேலையில் எனக்கு வாரணாசிக்கு மாற்றல் வந்தது 2011 டிசம்பரில். அஸ்ஸி படித்துறைக்குப் பக்கத்தில் பதைனி என்ற பகுதியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துக்குள், ஒரு வீட்டின் மாடியில் குடியேறினேன். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். எழுபது வயது இருக்கும். சந்தில் எல்லோருக்கும் அவர் அம்மாஜி, எனக்கும் அப்படித்தான். அவர் என்னைப் ‘பிட்டியா’ என்பார். மகளே என்பதுதான் பொருள், ஆனால் ‘கண்ணு’ என்று சொல்லும்போது இருக்கிற குழைவு அதில் இருக்கும்.

முற்றத்து அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போதும், கோதுமையைப் புடைக்கும்போதும் அவர் வாய்க்குள் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். அவர் மிர்ஸாபூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் என்று தெரிந்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். மழைக்காலத்துப் பாட்டான கஜ்ரிக்குத் தாய்வீடு மிர்ஸாபூர். கிரிஜா தேவி பாடிய கஜ்ரிகளைச் சென்னையிலேயே ஒலிநாடாவில் கேட்டுக் கேட்டுத் தேய்த்தவள் நான். ஜனவரி மாதம், சந்து முழுக்கப் பனிமூட்டம். கரிக்கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: “அம்மாஜி, ஒரு கஜ்ரி பாடுங்களேன்.”

அவர் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பூஸ் மாதத்தில் கஜ்ரியா? சாவன் வரட்டும், பிட்டியா.”

பூஸ் அங்கே குளிர் மாதம், சாவன் மழை மாதம். கூச்சப்படுகிறார் என்று நினைத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டேன். அதே பதில். குரலில் கண்டிப்பு கொஞ்சம் கூடியிருந்தது.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவளுக்கு ராகத்துக்கு வேளை உண்டு என்பது தெரியும். பூபாளம் விடியலில், நீலாம்பரி தூங்கப் போகும்போது. ஆனால் பாட்டுக்கு மாதம் என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழியும் திருப்பாவையும்தான். அதுவும் பக்தி சார்ந்த ஏற்பாடு. வைகாசியில் யாராவது திருப்பாவை பாடினால் நாம் ஆச்சரியப்படுவோம், அவ்வளவுதான். அம்மாஜியின் மறுப்பு அப்படிப்பட்டதில்லை. மாங்காய் இல்லாத மாதத்தில் மாவடு போடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

பனாரஸில் நான் இருந்த மூன்றரை வருடத்தில் அந்த ஊரின் நாட்காட்டியைப் பாட்டு வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். வடக்கே மாதம் பௌர்ணமியோடு முடிகிறது. மாசி, பங்குனியை ஒட்டி வரும் பாகுனில் ஹோரி. கண்ணனும் ராதையும் வண்ணம் பூசி விளையாடுகிற பாட்டு, பெரும்பாலும் காபி ராகத்தில். பாகுன் பௌர்ணமிதான் ஹோலி. மறுநாளே சைத் பிறந்துவிடும். கிராமங்களில் ஹோலி இரவில் ஆண்கள் டோலக்கும் ஜால்ராவுமாக உட்கார்ந்து ஃபாக் என்ற ஹோலிப் பாட்டைப் பாடிக்கொண்டே இருப்பார்களாம். நள்ளிரவு தாண்டியதும் அதை நிறுத்திவிட்டு, சைத் மாதத்துப் பாட்டான சைதாவுக்கு மாறுவார்களாம். கச்சேரியில் பாடும்போது அதுவே சைத்தி. “அந்த ஒரு ராத்திரி இரண்டு மாதத்தையும் பாடிவிடலாம்” என்றார் அம்மாஜி. அப்புறம் பைசாக், ஜேட். அனல்காற்று வீசும் அந்த மாதங்களில் அவர் வாயில் பாட்டு குறைந்துவிடும். மழை விழுந்ததும் சாவன். நம் ஆனிக் கடைசியில் தொடங்கி ஆடியில் ஓடுகிற மாதம். அதையும் அடுத்து வரும் பாதோனையும் சேர்த்து கஜ்ரிக் காலம். மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடும் ஜூலாப் பாட்டும் இதில் சேர்ந்தது.

இவற்றை இசைக்காரர்கள் உபசாஸ்திரிய சங்கீதம் என்கிறார்கள். பாதி செவ்வியல் என்ற அந்த வகைப்பாட்டில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பாதி என்றதும் ஏதோ குறைந்துபோன மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு நல்ல சைத்தியைக் கவனித்துக் கேளுங்கள். தீப்சந்தி தாளம், 14 மாத்திரை, மூன்றும் நாலும் மூன்றும் நாலுமாகப் பிரிந்தது. நம் மிஸ்ர சாபுவை இரண்டு முறை அடுக்கி, தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் மெதுவாக்கினால் ஏறக்குறைய அந்த நடை வரும். வரி முடிகிற இடத்தில் ‘ஹோ ராமா’ என்று ஒரு விளி. ராமன் பிறந்த மாதம் சைத், அதனால்தான் இந்த ராமா என்பார்கள். பாட்டில் ராமர் கதை இருக்க வேண்டும் என்பதில்லை. பெருமூச்சு விடும்போது நாம் ‘அப்பா’ என்போமே, அந்த ராமா.

பாடுகிறவர் ஒரே வரியைப் பத்து முறை பாடுவார். பத்து முறையும் அது வேறு வரி. சொல்லை ஒப்பனை செய்வது என்ற பொருளில் இதற்கு ‘போல் பனாவ்’ என்று பெயர். ‘தொலைந்துவிட்டது’ என்பது ஒருமுறை பயமாக வரும், அடுத்த முறை குறும்பாக, அப்புறம் யாரோ தலைமேல் கை வைத்ததுபோல் சமாதானமாக. காபியில் போய்க்கொண்டிருக்கும்போது பிலூவின் ஒரு சுரம் எட்டிப் பார்க்கும், கமாஜ் வந்து போகும். ராகத்தின் வேலியை அங்கங்கே தாண்டுவதற்கு இங்கே அனுமதி உண்டு, ஆனால் எங்கே தாண்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் லக்கி வரும். அதுவரை அடங்கிக் கிடந்த தபலா எட்டு மாத்திரைக் கஹர்வாவில் குதித்து ஓடும், பாடுகிறவர் முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு புன்னகையோடு நிற்பார். இதில் எந்தப் பாதி செவ்வியல், எந்தப் பாதி கிராமத்துப் பாட்டு என்று பிரிப்பது?

சைத்தியின் கதைகள் மிகச் சிறியவை. ஒரு பெண்ணின் புல்லாக்கு தொலைந்துபோகிறது. இதே இடத்தில்தான் விழுந்தது, யாரைக் கேட்பேன், மாமியாரையா, நாத்தனாரையா என்று தவிக்கிறாள். இன்னொன்றில் விடியலில் கூவிய குயிலைத் திட்டுகிறாள், அது கூவியதால் கணவன் கோபித்துக்கொண்டு படுக்கையை விட்டு எழுந்து போய்விட்டானாம். மா பூக்கிறது, இலுப்பை உதிர்கிறது, வயலில் கோதுமை அறுப்புக்கு நிற்கிறது. உலகமே வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் ஒரு வீடு மட்டும் காலியாக இருக்கிறது.

இந்தப் பாட்டுகளைக் கிராமத்து முற்றத்திலிருந்து கச்சேரிக்குக் கொண்டுவந்த பெண்களைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. பாட்டையும் ஆட்டத்தையும் தொழிலாகக் கொண்ட தவாயிஃப் மரபில் வந்தவர்கள், பனாரஸில் தால்மண்டி போன்ற தெருக்களில் பாடியவர்கள். நம் ஊரில் தேவதாசி மரபுப் பெண்களிடம் சங்கீதத்தை வாங்கிக்கொண்டு பெயரை மறைத்த கதை நமக்குத் தெரியும், அங்கேயும் அதே கதைதான். ரசூலன் பாய் 1902இல் பிறந்தது மிர்ஸாபூர் மாவட்டத்துக் கச்வா பஜாரில். கஜ்ரி மண்ணிலிருந்தே வந்தவர். சிறு வயதில் பிஸ்மில்லா கான் ஷெனாய் பயிற்சிக்காக பாலாஜி கோயிலுக்குப் போகிற வழியில் ரசூலன், அவர் சகோதரி பதூலன் இருவரின் வீடு இருந்தது. அந்த வீட்டிலிருந்து கேட்ட பாட்டுதான் தனக்கு முதலில் இசைமேல் ஆசை வரவைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் கஜ்ரியையும் சைத்தியையும் ஷெனாயில் வாசித்து உலகமெங்கும் கொண்டுபோனவர் அவர். அந்த ஊதலுக்குள் ஒரு பெண்ணின் குரல் இருக்கிறது என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். ரசூலன் பாய்க்கு 1957இல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. 1969 கலவரத்தில் அகமதாபாத்தில் இருந்த அவருடைய வீடு எரிக்கப்பட்டது. 1974இல் இறந்தார். இந்த மூன்று செய்தியையும் நான் எப்போது எழுதினாலும் ஒன்றாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சித்தேஸ்வரி தேவி, பிறகு கிரிஜா தேவி. கிரிஜா தேவி பனாரஸில் ஜமீன்தார் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர். 1949இல் அலகாபாத் வானொலியில் பாடத் தொடங்கி 2017இல் இறக்கும்வரை இந்தப் பருவப் பாட்டுகளைப் பெரிய மேடையில் தலைநிமிர்ந்து உட்காரவைத்தவர். கயால் என்ற பெரிய செவ்வியல் பாட்டைப் பாடி முடித்து, நேரம் மிச்சமிருந்தால் துக்கடாபோல ஒரு கஜ்ரி என்கிற பழக்கத்துக்கு அவர் குரல்தான் மறுப்பு.

சைத் மாதத்துப் பனாரஸைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? குலாப் பாடி என்று ஒன்று நடக்கும். வெள்ளை உடையும் ரோஜா நிறத் துப்பட்டாவுமாகக் கூடி உட்கார்ந்து, ரோஜா இதழ்களும் பன்னீரும் சூழச் சைத்தி கேட்பார்கள். ஹோலிக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையில் புட்வா மங்கல், கங்கைமேல் பெரிய படகுகளில் கச்சேரி. நான் அதிகம் போனது சங்கட மோசன் அனுமார் கோயிலின் இரவுக் கச்சேரிகளுக்கு. அனுமன் ஜெயந்தியை ஒட்டி சைத் பௌர்ணமி வாக்கில் தொடங்கும். 2023இல் நூறாவது ஆண்டைக் கண்ட விழா. டிக்கெட் கிடையாது. செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் இடம் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். ஒரு வருடம் விடியற்காலை நான்கு மணி இருக்கும், ஒருவர் சைத்தி எடுத்தார். முதல் ‘ஹோ ராமா’வுக்கே என் பக்கத்தில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த ரிக்‌ஷாக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கைகள் தானாகத் தாளம் போட்டன. ஏழு மாத்திரைக்கு ஒருமுறை தலையாட்டினார், ஒருமுறைகூடத் தப்பவில்லை. அவரும் பிகாரில் ஏதோ கிராமத்தை விட்டு வந்தவர்தான்.

சரி, கஜ்ரிக்கு வருகிறேன்.

அந்த ஊரில் எனக்கு முதல் மழை ஜூன் கடைசியில் வந்தது. அம்மாஜி அப்போதும் பாடவில்லை. அது ஆசாட மாதமாம், மழை வந்தால் மட்டும் போதாதாம். குரு பூர்ணிமா கழிந்து சாவன் பிறந்த முதல் நாள், நான் அலுவலகத்திலிருந்து நனைந்துகொண்டு வந்து கதவைத் தள்ளுகிறேன், முற்றத்தில் நான்கைந்து பெண்கள். அம்மாஜி நடுவில். கையில் டோலக் கிடையாது, ஒரு பித்தளைத் தட்டும் கரண்டியும்தான். என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தாமலேயே பக்கத்தில் தரையைத் தட்டி உட்காரச் சொன்னார். அரை வருடம் காத்திருந்து கேட்ட பாட்டு அது. கிரிஜா தேவியின் சுத்தம் அந்தக் குரலில் இல்லை. மூச்சு நடுவில் அறுந்தது. ஆனால் வரி முடிந்து ‘ரே ஹரி’ என்று எல்லோரும் சேர்ந்து இழுத்தபோது மேலே ஓட்டில் விழுந்த மழையும் அதே இழுப்பில் இருந்தது.

கஜ்லி என்றும் சொல்லப்படும் கஜ்ரிக்கு அந்தப் பெயர் காஜலிலிருந்து, கண்மையிலிருந்து வந்தது என்பார்கள். மைக்கருப்பான மேகம். ‘ராம்லீலாவுக்கு ராம்நகர், கஜ்லிக்கு மிர்ஸாபூர்’ என்ற கருத்தில் அங்கே ஒரு சொலவடை உண்டு. பாதோன் தேய்பிறை மூன்றாம் நாள் கஜ்லி தீஜ். முந்தின இரவு பெண்கள் தூங்காமல் பாடுவார்கள், ரத்ஜகா என்று பெயர். அரை வட்டமாக நின்று கைதட்டிக் குனிந்து நிமிர்ந்து ஆடிக்கொண்டே பாடுவதை துன்முனியா கஜ்ரி என்கிறார்கள். நம் கும்மியைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது. அந்தப் பெண்கள் சாவனில் மண் எடுத்து வந்து பார்லி விதைத்து முளைக்கவைக்கிறார்கள். ஜரயி என்று பெயர். பண்டிகை முடிந்து நீரில் விடுவதற்கு முன்பு அந்தப் பசுமுளையில் கொஞ்சம் எடுத்து அண்ணன் தம்பிகளின் காதோரம் செருகுகிறார்கள். மதுரைப் பக்கத்து முளைப்பாரிக்காரி யாரையாவது அந்த முற்றத்தில் கொண்டுபோய் விட்டால், மொழி தெரியாமலேயே வேலையில் இறங்கிவிடுவாள்.

ஆண்களின் கஜ்ரி வேறு மாதிரி. மல்யுத்தக் கூடத்துக்கும் பாட்டுக் குழுவுக்கும் அங்கே ஒரே பெயர், அகாரா. போட்டிக்கும் தங்கல் என்றே பெயர். இரண்டு அகாராக்கள் இரவெல்லாம் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாகக் கஜ்ரி கட்டும். பாரதேந்து ஹரிச்சந்திரர்போன்ற பெரிய இந்தி எழுத்தாளர்களே கஜ்ரி எழுதியிருக்கிறார்கள். மிர்ஸாபூர்க்காரரான பிரேம்கன் என்ற பத்ரிநாராயண் சௌத்ரி இதற்கென்றே பெரிதாக உழைத்தவர். இன்றைக்கு அந்த ஊரிலிருந்து அஜிதா ஸ்ரீவாஸ்தவ், ஊர்மிளா ஸ்ரீவாஸ்தவ் என்று இரண்டு பெண்கள் கஜ்ரிக்காகவே பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார்கள், 2022இலும் 2024இலும். செய்தி வந்த இரண்டு தடவையும் அம்மாஜிக்குப் போன் செய்தேன்.

ஏன் சாவன் வரை காத்திருக்க வேண்டும் என்பதற்கு அம்மாஜி விளக்கம் சொன்னதில்லை. அது எனக்குத் தானாகப் புரிந்தது இரண்டாவது வருடம்.

அவர் வீட்டுக்காரர் ஹூக்ளிக் கரையில் ஒரு சணல் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். போஜ்புரி பேசும் மாவட்டங்களில் எந்த வீட்டைத் தட்டினாலும் இப்படி ஒரு கதை இருக்கும். கல்கத்தா அவர்களுக்கு ‘பூரப்’, கிழக்கு. கிழக்கே போனவன் ஹோலிக்கோ, சட் என்ற சூரிய வழிபாட்டுப் பண்டிகைக்கோ வருவான், சில வருடம் வரமாட்டான். அதற்கும் முன்னால் ரங்கூன். அதற்கும் முன்னால் 1834 தொடங்கி மொரீஷியஸ், பிறகு கயானா, டிரினிடாட், சூரினாம், ஃபிஜி என்று கப்பல் கப்பலாகப் போனார்கள். தமிழர்களும் அந்தக் கப்பல்களில் சிலவற்றில் இருந்தார்கள். கஜ்ரியில் வருகிற ஊர்ப் பெயர்கள் எல்லாம் இந்த ஊர்ப் பெயர்கள்தான். ரயிலைச் சக்களத்தி என்று திட்டுகிற பாட்டுகள் இருக்கின்றன. புருஷனைக் கூட்டிக்கொண்டு போவது அதுதானே.

சாவனில் புதுப்பெண்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது அங்கே வழக்கம். நம் ஆடிக்கு அழைப்பதுபோல. ஊஞ்சலும் மருதாணியும் தோழிகளும் அங்கே. அம்மாஜிக்கும் முதல் இரண்டு வருடம் அப்படி நடந்ததாம். அப்புறம் மாமியார் வீட்டில் நாற்று நட ஆள் இல்லை, விடவில்லை. “வருஷத்துக்கு ஒருமுறை வருவார். ஆனால் சாவனில் அவர் வந்ததே இல்லை, பிட்டியா. ஒரு சாவன்கூட இல்லை” என்றார், பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே. முழங்கால் சேற்றில் நின்று நடவு நட்டுக்கொண்டு, மேலே மேகம் இருட்டிக்கொண்டு வரும்போது, பக்கத்துப் பெண் ஒரு வரி எடுக்க இவர் அடுத்த வரி எடுத்தது வெறும் பாட்டாக இருந்திருக்க முடியாது. அந்த முப்பது சாவன்களில் அவர் அதைச் சொல்ல வேறு இடம் இல்லை. மாமியாரிடம் சொல்ல முடியாது. கடிதம் எழுதத் தெரியாது. பாட்டில் சொன்னால் யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது, பருவத்துப் பாட்டுதானே.

மழை வந்தால் வருகிறேன் என்றவன் வரவில்லை, மேகம் வந்துவிட்டது, அவன் தேர் எங்கே. இது நம் முல்லைத் திணை. காரும் மாலையும் முல்லைக்கு என்று தொல்காப்பியம் பொழுது குறித்துவைத்திருக்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது அது எனக்கு ஒரு அட்டவணை. திணை, பெரும்பொழுது, சிறுபொழுது, கருப்பொருள். உணர்ச்சிக்குப் பருவம் உண்டு, அந்தப் பருவத்தில்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மனிதக் கூட்டம் உண்மையிலேயே வாழ முடியும் என்பதை நான் பதைனிச் சந்தில், பச்சை மிளகாய் கிள்ளுகிற ஒரு கிழவியிடம்தான் பார்த்தேன்.

இன்று எந்தப் பாட்டும் எந்த நேரத்திலும் கையில் இருக்கிறது. நானும் வருடம் முழுக்கக் கேட்டவள்தான். அம்மாஜிக்குப் பிறகு அப்படிக் கேட்க முடியவில்லை. பாகுனில் கைபேசி தானாக ஒரு கஜ்ரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். பத்து மாதம் மூடிவைத்து எடுக்கும்போது அதன் முதல் வரி தொண்டையை அடைக்கிறதே, அந்த அடைப்பை எந்தச் செயலியும் தர முடியாது. 2024 நவம்பரில் சட் பண்டிகையின் முதல் நாளிலேயே பிகார் பாடகி சாரதா சின்ஹா இறந்தார். சட் பாட்டு என்றாலே அவர் குரல்தான். அன்று பிகாரின் படித்துறைகளில் ஒலித்ததும் அவர் குரல்தான். வேறொரு மாதத்தில் இறந்திருந்தால் ஊர் அழுதிருக்கும். அந்த நாளில் ஊர் அவரையே பாடி அழுதது.

2015இல் நான் சென்னைக்கு மாற்றலாகி வந்தேன். 2018 கார்த்திகையில் ஒருமுறை போனபோது அம்மாஜி படுக்கையில் இருந்தார். மகன் சூரத்திலிருந்து வந்திருந்தார், மறுநாள் ரயில். அந்த முதல் சாவனில் முற்றத்தில் பாடிய கஜ்ரியின் வரிகள் எனக்கு முழுதாக நினைவில் இல்லை என்றேன். பாடச் சொல்லவில்லை. அவரே என் கையைப் பிடித்து, “எழுதிக்கொள்” என்றார். ராகம் இல்லாமல், பால் கணக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு வரியாகச் சொன்னார். டைரியின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ‘ரே ஹரி’ வருகிற இடத்தில் மட்டும் அவர் உதடு கொஞ்சம் இழுத்தது, உடனே நிறுத்திக்கொண்டார்.

அடுத்த சாவனில் போன் செய்தேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம். டைரியை எடுத்து நான் முதல் வரியை வாசித்தேன், அவர் மூச்சு வாங்கிக்கொண்டே அதற்கு ராகம் போட்டார். இரண்டாவது வரியும் அப்படியே. மூன்றாவதில் நிறுத்தி, “உங்கள் ஊரில் மழை கொட்டுகிறதா?” என்றார்.

“இல்லை, அம்மாஜி. வெயில் கொளுத்துகிறது. எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான்.”

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.

“அப்படியென்றால் ஐப்பசியில் கூப்பிடு, பிட்டியா. மிச்சத்தை அன்றைக்கு நீ பாடு, நான் கேட்கிறேன்.”